'சிம்சன்' பஸ் ஸ்டாப்புக்கும் உங்கள் காரின் பிஸ்டனுக்கும் என்ன சம்பந்தம்? யார் இந்த அனந்தராமகிருஷ்ணன்?

சென்னை அண்ணா சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு 'சிம்சன்' தெரியும். பெரியார் சிலை பக்கத்தில் இருக்கும் அந்த ஸ்டாப்பில் இறங்கியிருப்பீர்கள், ஏறியிருப்பீர்கள். ஆனால் சிம்சன் என்பது என்ன, அதை நடத்தியது யார் என்று கேட்டால் பலருக்கும் பதில் தெரியாது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமானது. வண்டி நீலப் புகை கக்குகிறது, ஆயில் குடிக்கிறது, மேட்டில் இழுக்கவில்லை. மெக்கானிக் பார்த்துவிட்டு, எஞ்சினை இறக்கிடலாம் சார் என்கிறார். அடுத்த சில நாட்களில் பிஸ்டன், ரிங், லைனர், பேரிங் என்று அட்டைப் பெட்டிகள் வந்து இறங்குகின்றன. இந்தப் பொருட்கள் ஒரு காலத்தில் கப்பலில்தான் வந்தன. அவற்றைச் சென்னையிலேயே செய்யலாம் என்று முடிவெடுத்தவர்களில் முக்கியமானவர் சி. அனந்தராமகிருஷ்ணன். வணிக வட்டாரத்தில் அவருக்கு 'ஜே' என்று பெயர். சென்னை வாகனத் தொழிலின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். இறந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

ஆழ்வார்குறிச்சியில் இருந்து மவுண்ட் ரோடுக்கு

1905இல் பிறந்தவர். சொந்த ஊர், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் (இப்போது தென்காசி மாவட்டம்) மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள ஆழ்வார்குறிச்சி. பக்கத்திலேயே கடனா நதிக்கரையில் சிவசைலம் கோயில். அவருடைய குடும்பத்தில் சிவசைலம் என்ற பெயரும், பின்னால் அவர்களின் கல்வி நிறுவனங்களுக்கு வந்த பரமகல்யாணி என்ற பெயரும் இந்தக் கோயிலை ஒட்டியவைதான்.

அவர் சிம்சன் கம்பெனிக்குள் வந்தது 1930களின் நடுவில். சிம்சன் அப்போதே கிட்டத்தட்ட 100 வயதை நெருங்கிய நிறுவனம். 1840இல் குதிரை வண்டி கட்டும் கம்பெனியாகத் தொடங்கியது. 1903இல் அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடும் ஒரு காரைச் செய்து மதராஸ் வீதியில் ஓட்டினார். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் நீராவிக் கார் அது. பிறகு வெளிநாட்டு சேசிஸ் மேல் கார், பஸ் பாடி கட்டுவது சிம்சனின் வேலையானது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாடி கட்டுவது தச்சு, தகர வேலை. பெரிய திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் எஞ்சினுக்குள் இருப்பது வேறு உலகம். அங்கே ஒரு மில்லிமீட்டரில் 100இல் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் வண்டி நின்றுவிடும். அன்றைய மதராஸில் பாடி கட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். எஞ்சின் உள் பாகங்களைச் செய்கிற தொழிற்சாலைதான் இல்லை.

பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்த அந்தக் கம்பெனியில் அனந்தராமகிருஷ்ணன் வேகமாக மேலே வந்தார். 1938இல் அமால்கமேஷன்ஸ் என்ற நிறுவனம் உருவானது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் முதலாளிகள் ஒவ்வொருவராக விற்றுவிட்டுக் கிளம்ப, அடிசன், ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை, 'மெயில்' நாளிதழ் என்று மதராஸின் பழைய பெயர்கள் பலவும் அவர் கைக்கு வந்தன. மவுண்ட் ரோடில் பாதி அவருடையதோ என்று நினைக்கத் தோன்றும் அளவுக்கு இருந்தது அந்தப் பட்டியல்.

வாங்குவது ஒரு பக்கம். வாங்கியதை வைத்து என்ன செய்தார் என்பதுதான் நம் கதை.

1949: பிஸ்டன்

இரண்டாம் உலகப் போர் காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன். தென்னிந்தியாவில் பஸ்கள் கரி வாயுவில் ஓடின. பஸ்ஸோடு ஒரு அடுப்பையே கட்டிக்கொண்டு, கரியை எரித்து, அந்த வாயுவை எஞ்சினுக்குள் விட்டார்கள். சாம்பலும் தாரும் சேர்ந்து சிலிண்டர், ரிங் எல்லாம் சீக்கிரம் தேய்ந்தன. தேய்ந்த பாகத்துக்கு மாற்று வேண்டுமென்றால் கப்பல் வர வேண்டும். போரில் கப்பலுக்கு எங்கே போவது?

போர் முடிந்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு, இறக்குமதிக் கட்டுப்பாடு. இந்தச் சூழலில்தான் 1949இல் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கப்பட்டது. இடம், பெரம்பூரை அடுத்த செம்பியம். பிஸ்டன், ரிங், பிஸ்டன் பின், லைனர் ஆகியவைதான் சரக்கு. இன்றைக்கு ஐ.பி.எல். என்றால் எல்லோருக்கும் கிரிக்கெட். பழைய மெக்கானிக்கிடம் சொல்லிப் பாருங்கள், இந்தியா பிஸ்டன்ஸ் லிமிடெட் ஞாபகம் வரலாம்.

பிஸ்டன் பார்க்க ஒரு அலுமினிய டம்ளர் மாதிரிதான் இருக்கும். ஆனால் அது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை மேலும் கீழும் போய் வருகிறது. அதன் தலைக்கு மேல் தீ எரிகிறது. சூட்டில் அலுமினியம் விரியும். சுற்றியிருக்கும் வார்ப்பிரும்பு சிலிண்டர் அந்த அளவு விரியாது. அதனால் இரண்டுக்கும் நடுவே விடுகிற இடைவெளியை மிகச் சரியாகக் கணக்குப் போட வேண்டும். இடைவெளி கம்மி என்றால் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும், மெக்கானிக் மொழியில் எஞ்சின் சீஸ். அதிகம் என்றால் டக் டக் என்று தட்டும், ஆயில் மேலே ஏறும். உலோகக் கலவை, வார்ப்பு, கடைசல் எல்லாம் சரியாக வந்தால்தான் இது சாத்தியம். ஒரு நல்ல பிஸ்டன் செய்யத் தெரிந்த ஊர், எஞ்சின் செய்யும் பாதையில் முக்கால் தூரம் வந்துவிட்டது என்றே சொல்லலாம்.

'ஓவர் சைஸ்' கணக்கு

எஞ்சின் கட்டுவது என்றால் என்ன என்று இந்த இடத்தில் பார்த்துவிடலாம். ஓடி ஓடி சிலிண்டர் தேயும். அதுவும் ஒரே சீராகத் தேயாது. மேல் ரிங் தொடுகிற இடத்தில் அதிகம், கீழே கம்மி. வட்டமாக இருந்தது லேசாக முட்டை வடிவமாகும். அதற்குப் புது ரிங்கை மட்டும் போட்டால் கொஞ்ச நாள் ஓடும், மறுபடி புகை வரும்.

அதனால் லேத் பட்டறையில் சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைவார்கள். இதுதான் ரீபோர். பெரிதான துளைக்கு அதே அளவு பெரிய பிஸ்டன் வேண்டும், அதுதான் ஓவர் சைஸ். பழைய வண்டிகளில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் 20, 30, 40, சில எஞ்சின்களில் 60 வரை போவார்கள். 20 என்றால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்.

1489 சிசி அம்பாசடர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டர் விட்டம் 73.025 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 88.9 மில்லிமீட்டர். 40 ஓவர் சைஸ் போட்டால் விட்டம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் கூடும். நான்கு சிலிண்டருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் எஞ்சின் சுமார் 1531 சிசி ஆகிவிடும். அதாவது கிட்டத்தட்ட 42 சிசி சும்மா கிடைக்கிறது. ரீபோர் பண்ணினதும் வண்டி முன்பைவிட நல்லா இழுக்குது என்று டிரைவர்கள் சொல்வதில் இதற்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. பெரும்பங்கு, போயிருந்த கம்ப்ரெஷன் திரும்பி வந்ததுதான்.

கடைந்து கடைந்து இதற்கு மேல் முடியாது என்ற நிலை வந்தால், உள்ளே ஒரு லைனரை இறக்கி மறுபடி முதல் அளவுக்கே கொண்டுவருவார்கள். எஞ்சினுக்கு இன்னொரு ஆயுள். ஒரு வண்டி இப்படி இரண்டு மூன்று ஆயுள் வாழ வேண்டுமானால், ஒவ்வொரு அளவிலும் பிஸ்டன் கடையில் கிடைக்க வேண்டும். இந்தியா பிஸ்டன்ஸ் போன்ற தொழிற்சாலைகளின் அருமை அங்கேதான் தெரியும்.

எஞ்சினையே மாற்றிய காலம்

1950களின் தொடக்கத்தில் அனந்தராமகிருஷ்ணன் அடுத்த அடியை எடுத்து வைத்தார். பாகம் போதாது, முழு எஞ்சினே செய்யலாம். இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் பிராங்க் பெர்கின்ஸ் 1932இல் தொடங்கிய டீசல் எஞ்சின் கம்பெனியோடு கைகோத்து, பெர்கின்ஸ் பி6 எஞ்சினை சிம்சன் தயாரிக்க ஆரம்பித்தது.

பி6 எஞ்சின் 1937இல் வந்தது. ஆறு சிலிண்டர். அப்போது டீசல் எஞ்சின் என்றால் யானை மாதிரி கனமாக, மெதுவாக ஓடும் என்றுதான் பேச்சு. பெர்கின்ஸ் அதை வேகமாகச் சுற்றும், அளவில் சிறிய எஞ்சினாக்கினார். அதனால் பெட்ரோல் லாரியின் எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இதை உட்கார வைக்க முடிந்தது.

அன்றைய நம் ரோடுகளில் ஓடியதெல்லாம் செவ்ரோலே, ஃபோர்டு, டாட்ஜ், பெட்ஃபோர்டு மாதிரி பெட்ரோல் லாரிகள். ஒரு லாரி ஓனருக்குப் புது வண்டி வாங்கக் காசும் இல்லை, வாங்கலாம் என்றால் வண்டியும் கிடைக்காது. இருக்கிற லாரியில் டீசல் எஞ்சின் ஏற்றினால் அதே லிட்டரில் கூடுதல் தூரம், எரிபொருளும் மலிவு. மவுண்டிங்கை மாற்றி, கிளட்ச் ஹவுசிங்கைப் பொருத்தி, ரேடியேட்டர் குழாயைத் திருப்பி இந்த மாற்றத்தைச் செய்தார்கள். பட்டறைக்காரர்கள் இதில் கைதேர்ந்தார்கள். பின்னாளில் அம்பாசடருக்கு மேட்டடார் வேனின் டீசல் எஞ்சினைப் போட்டு ஓட்டியதெல்லாம் இந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

இந்த நேரத்தில் டெல்லியில் ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டது. 1953இல் சுங்க வரிக் கமிஷன் வாகனத் தொழிலை ஆராய்ந்தது. வெறுமனே பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்பவர்களுக்கு இனி இடமில்லை, உள்ளூரில் தயாரிக்கத் திட்டம் வேண்டும் என்றானது. 1928 முதல் பம்பாயில் வண்டி பூட்டிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும், ஃபோர்டும் கடையைக் கட்டின. மிஞ்சிய கார்கள் கைவிரல் எண்ணிக்கை. அம்பாசடர், ஃபியட், வண்டலூர் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு. புது காருக்கு வருஷக்கணக்கில் காத்திருப்பு.

விளைவு? வாங்கிய காரை 20, 30 வருஷம் ஓட்டியே ஆக வேண்டும். ஒவ்வொரு ஊரிலும் ரீபோர் பட்டறை முளைத்தது. கார் செய்கிறவர்களைவிட காருக்குள் போகும் பொருளைச் செய்கிறவர்களுக்கு நிரந்தரச் சந்தை உருவானது. அனந்தராமகிருஷ்ணன் இதை முன்கூட்டியே கணித்தாரா, காற்று அவர் பக்கம் வீசியதா என்று கேட்டால், இரண்டும்தான் என்பது என் பதில். இன்னொரு பக்கமும் உண்டு. லைசென்ஸ் முறையால் போட்டி குறைந்தது, வாங்குபவருக்குத் தேர்வு இல்லை, சில பெரிய குடும்பங்களின் கையில் தொழில் குவிந்தது. அந்தக் கால வளர்ச்சியைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ஈயம் ஊற்றிய பேரிங் போய்...

1960ஐ ஒட்டி அவருடைய வேகம் இன்னும் கூடியது. மாஸே ஃபெர்குசன் டிராக்டர்களுக்காக டாஃபே நிறுவனம் 1960இல் வந்தது. 1961இல் பைமெட்டல் பேரிங்ஸ். பெயரைப் பார்த்து இது ஏதோ சின்ன விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். எஞ்சின் கட்டும் தொழிலையே மாற்றிய பொருள் இது.

அதற்கு முன்னால், கிராங்க் சுற்றும் இடத்தில் வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றுவார்கள். ஆறிய பிறகு கிராங்கில் நீல மை தடவி வைத்துப் பார்த்து, மை ஒட்டிய மேட்டைக் கையாலேயே சுரண்டிச் சுரண்டிச் சரிசெய்வார்கள். மணிக்கணக்கில் நடக்கும் வேலை, மேஸ்திரியின் கைப்பக்குவத்தை நம்பியது. மேஸ்திரி லீவு என்றால் வண்டியும் லீவு.

இரும்புத் தகட்டின் மேல் மெல்லிய உலோகக் கலவை ஏற்றிய அரைவட்ட ஷெல் பேரிங் வந்ததும் இந்தச் சுரண்டல் வேலை முடிவுக்கு வந்தது. கிராங்கை 10 அல்லது 20 கிரைண்டிங் போட வேண்டியது, அதே அளவு ஷெல்லை வாங்கி உட்கார வைக்க வேண்டியது, போல்ட்டைச் சரியான இறுக்கத்தில் முறுக்க வேண்டியது. அவ்வளவுதான். பாகத்தை மாற்றினால் போதும் என்ற நிலை வந்ததால்தான், சின்ன ஊர்களிலும் எஞ்சின் கட்ட முடிந்தது.

மேற்கே நகர்ந்த தொழில்

இதே காலத்தில் சென்னையின் மேற்கு ஓரம் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. அம்பத்தூரில் முருகப்பா குடும்பத்தின் டி.ஐ. சைக்கிள்ஸ் ஏற்கனவே இருந்தது. 1960களின் தொடக்கத்தில் பாடியில் டி.வி.எஸ். குடும்பத்தின் லூகாஸ், சுந்தரம் கிளேட்டன், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா வரிசையாக வந்தன. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கியது. 1960களின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டை.

செம்பியத்தில் இருந்து பாடி வரை, அங்கிருந்து சி.டி.எச். ரோடில் அம்பத்தூர், ஆவடி வரை ஒரு கோடு போட்டுப் பாருங்கள். பிஸ்டன் ஒரு முனையில், ஸ்டார்ட்டர் மோட்டார் நடுவில், டாங்கி எஞ்சின் இன்னொரு முனையில். பெரிய ஆலைகளுக்கு வேலை செய்து கொடுக்க லேத், கிரைண்டிங், ஹோனிங் பட்டறைகள் தெருத்தெருவாக வந்தன. ஒரே ஆள் எல்லாவற்றையும் கொண்டுவரவில்லை. பல குடும்பங்கள், மாநில அரசு, மத்திய அரசு என்று எல்லோருக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் எஞ்சினின் உள்பக்கத்தில் முதலில் கை வைத்தவர் என்ற பெருமை 'ஜே'வுக்கு உண்டு.

இப்போது எஞ்சின் கட்டப் போகிறீர்களா?

பழைய காரை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள். ரிங் மட்டும் மாத்தினா போதும் என்று யாராவது சொன்னால், போர் கேஜ் வைத்து அளந்தீர்களா என்று கேளுங்கள். அளக்காமல் எந்த முடிவும் வேண்டாம். பிஸ்டனை முதலில் வாங்கி, அதன் அளவுக்குத்தான் சிலிண்டரைக் கடைய வேண்டும். கடைந்துவிட்டுப் பிஸ்டன் தேடுவது தலைகீழ் வேலை. நான்கு பிஸ்டனும் எடையில் ஒத்துப்போக வேண்டும். கடைசலுக்குப் பிறகு ஹோனிங் செய்து, சிலிண்டர் சுவரில் குறுக்குமறுக்கான மெல்லிய கோடுகள் தெரிய வேண்டும். ஆயில் தங்குவது அந்தக் கோடுகளில்தான்.

அப்கிரேட் என்று செய்தால் உண்மையில் பயன் தருவது எது? மிகப் பழைய பெட்ரோல் கார் என்றால் வால்வு சீட். அந்த எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்யப்பட்டவை. ஈயம்தான் வால்வு சீட்டுக்குப் பாதுகாப்பாக இருந்தது. 1995இல் சென்னை உட்பட 4 பெருநகரங்களில் ஈயமில்லா பெட்ரோல் வந்தது, 2000இல் நாடு முழுக்க அதுவே ஆனது. எனவே ஹெட்டை இறக்கும்போதே கடினமான உலோகத்தில் சீட் வளையம் போட்டுவிடுவது நல்லது. கம்ப்ரெஷனைக் கூட்டும் பிஸ்டன், ஹெட்டை அதிகமாகச் சீவுவது எல்லாம் ரேஸ் ஆசை. பவர் கூடும், நாக்கிங்கும் சூடும் சேர்ந்தே கூடும்.

புது மாடல் கார்களில் கதை வேறு. பல அலுமினிய பிளாக் எஞ்சின்களுக்கு ஓவர் சைஸ் பிஸ்டனே கம்பெனி தருவதில்லை. பிளாக்கோடு மாற்ற வேண்டியதுதான். அப்படி மாற்றினால் எஞ்சின் நம்பரும் மாறும், ஏனென்றால் நம்பர் அடித்திருப்பது பிளாக்கில். ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். வேறு வகை எஞ்சினைப் போட்டுவிட்டுச் சும்மா ஓட்டினால் எஃப்.சி.யிலும் இன்சூரன்ஸிலும் மாட்டிக்கொள்வீர்கள். உள் பாகங்களை மட்டும் மாற்றினால் இந்தச் சிக்கல் இல்லை. கட்டி முடித்ததும் முதல் 1000 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள்.

60ஐத் தொடவில்லை

1964 ஏப்ரல் 18ஆம் தேதி அனந்தராமகிருஷ்ணன் காலமானார். 60 வயதுகூட நிறையவில்லை. அதே 1964இல்தான் ஆழ்வார்குறிச்சியில் ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரி தொடங்கியது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் அங்கே படித்தவர்கள்தான். அடுத்த ஆண்டு ஆவடியில் இருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தபோது அவர் இல்லை.

பொறுப்பு மகன்கள் சிவசைலத்துக்கும் கிருஷ்ணமூர்த்திக்கும் வந்தது. அவர்களுக்கு எளிதான காலமாக இருக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் சிம்சன் தொழிலாளர் போராட்டம் தமிழ்நாட்டு அரசியலையே ஆட்டியது. 'மெயில்' நாளிதழ் 1981இல் நின்றுபோனது. ஹிக்கின்பாதம்ஸ் அண்ணா சாலையில் இன்னும் இருக்கிறது. டாஃபே உலகின் பெரிய டிராக்டர் நிறுவனங்களில் ஒன்றாகிவிட்டது. அதை நடத்துபவர் அவருடைய பேத்தி மல்லிகா சீனிவாசன்.